பழைய சேத்தக்கின் முன் ஃபோர்க்கில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

கேள்வி: 1980-களில் வந்த பஜாஜ் சேத்தக் ஒன்றை மொத்தமாகப் பிரித்துப் புதுப்பிக்கிறேன். பெயிண்ட் அடிப்பதற்காக, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் வெளியே வந்துவிட்டது. முன் பிரேக் பிடித்தால் வண்டியின் மூக்கு குத்திக்கொண்டு இறங்கும். வேகம் குறையும்போது கையை லேசாக விட்டால் ஹேண்டில் ஆடும். இந்த வேலையோடு சேர்த்து வெஸ்பா பி.எக்ஸ் டிஸ்க் பிரேக் ஃபோர்க்கைப் போட்டுவிடலாமா? இல்லை, இருக்கிற ஃபோர்க்கிலேயே ஏதாவது செய்யலாமா?

பதில்:

இருக்கிற ஃபோர்க்கையே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் முடிவு. அது வளையாமலும் விரிசல் விடாமலும் இருந்தால் மட்டும். டிஸ்க் ஃபோர்க் கெட்டது என்று சொல்லவில்லை. நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளில் ஹேண்டில் ஆடுவது தேய்மானத்தால் வருவது. மூக்கு இறங்குவது அந்த முன்பக்க அமைப்பின் இயல்பு. முதல் குறைக்கு ஃபோர்க்கை மாற்றத் தேவையே இல்லை. இரண்டாவதைக் குறைக்க அதைவிட எளிய வழிகள் இருக்கின்றன.

சேத்தக் 1972-ல் வந்தது. அதற்கு முன் பஜாஜ், பியாஜியோவின் உரிமத்தில் வெஸ்பா செய்துகொண்டிருந்தது. சேத்தக்கின் உடம்பும் எலும்பும் வெஸ்பா ஸ்பிரின்ட் வழி வந்தவை. ஒற்றைப் பக்கம் மட்டும் சக்கரத்தைப் பிடிக்கும் அந்த முன்பக்கம் இன்னும் பழையது. 1946-ல் வெஸ்பாவை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமான, ஹெலிகாப்டர் பொறியாளர். விமானத்தின் இறங்கு சக்கரத்தை ஒருபக்கம் தாங்கும் முறையை ஸ்கூட்டருக்குக் கொண்டுவந்தார். பஞ்சரானால் ஆக்சிலைத் தொடாமல் நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை எடுத்துவிடலாம். அந்த வசதிக்கு விலையாக, முழுச் சுமையும் ஒரே ஒரு குழாய், ஒரே ஒரு லிங்க் (ஆக்சிலைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் குட்டைக் கை), ஒரே ஒரு பின் (அந்த லிங்க் ஆடும் அச்சுக்கம்பி) வழியாகப் போகிறது. மோட்டார்சைக்கிளில் ஒரு கால் கொஞ்சம் தளர்ந்தால் இன்னொரு கால் தாங்கிக்கொள்ளும். இங்கே அந்தச் சலுகை கிடையாது. அதனால்தான் இந்த ஃபோர்க்கில் வெட்டு, வெல்டிங் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்குக் கவலை வந்துவிடுகிறது.

முதலில் ஹேண்டில் ஆடுவது. பிரிக்காத வண்டி என்றால் சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்னால் ஒருவரை உட்காரவைத்து, முன் சக்கரம் தரையில் படாதபடி தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பச் சொல்வேன். நடுவில் வரும்போது ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோல் கைக்குத் தெரிந்தால் கோன் செட் (ஃபோர்க் திரும்பும் இடத்தில் மேலும் கீழும் உள்ள பேரிங்) போய்விட்டது என்று அர்த்தம். வருடக்கணக்கில் நேராகவே ஓடிய வண்டியில் பால்கள் (பேரிங் குண்டுகள்) ஒரே இடத்தில் இடித்து இடித்து, அவை ஓடும் தடமான ரேஸில் குழி போட்டுவிடும். நீங்கள் ஏற்கெனவே கழற்றிவிட்டதால் வேலை இன்னும் சுலபம். கிரீஸைத் துடைத்துவிட்டு, கப், கோன் இரண்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகப் பள்ளம் இருந்தால் மேல், கீழ் இரண்டு செட்டையும் சேர்த்து மாற்றுங்கள். பாலை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

அடுத்தது லிங்க் பின். ஃபோர்க்கின் அடியில், லிங்க் ஆடும் இடத்தில் நீடில் பேரிங்குகள் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்டவை) இருக்கின்றன. லிங்க் முழுச் சுற்று சுற்றுவதில்லை, சில டிகிரிதான் மேலும் கீழும் ஆடும். ஆகவே ஊசிகள் எப்போதும் பின்னின் அதே இடத்திலேயே உரசி, கோடு கோடாகப் பள்ளம் தோண்டிவிடும். அப்புறம் மழைத்தண்ணீர் உள்ளே போனால் துரு. இந்தப் பின்னில் ஒரு மயிரிழை ஆட்டம் இருந்தால்கூட சக்கரத்தின் விளிம்பில் அது பெரிதாகத் தெரியும். பலர் பேரிங்கை மட்டும் புதிதாகப் போட்டுவிட்டு, பழைய பின்னைத் தேய்த்துத் துடைத்துத் திரும்ப மாட்டிவிடுவார்கள். சில மாதத்தில் பழைய கதைதான். பின், நீடில் பேரிங், டஸ்ட் சீல், ஓ-ரிங் எல்லாம் ஒரே கிட்டாகக் கிடைக்கிறது. முழுதாக மாற்றுங்கள். பின்னைச் சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள். புல்லர் இல்லாவிட்டால் ஒரு நல்ல லேத் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளச் சொல்லுங்கள். அடித்து இறக்கினால் பேரிங் உட்காரும் துளை வாய் விரிந்துவிடும். அதன் பிறகு எத்தனை புது பேரிங் போட்டாலும் நிற்காது.

இவை இரண்டும் சரியாக இருந்தும் ஆடினால் ரிம், டயர் பக்கம் வாருங்கள். இரண்டு பாதி சேர்ந்த தகட்டு ரிம் இது. பழைய ரிம் பல தடவை பள்ளத்தில் இடித்து நெளிந்திருக்கும். சுற்றவிட்டு, பக்கத்தில் ஒரு கம்பியை நிறுத்திப் பார்த்தாலே தெரியும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ரிம்மின் இரண்டு பாதியைப் பிரிப்பதற்கு முன் டயரில் காற்று முழுதாக இறங்கியிருக்க வேண்டும். காற்றோடு நட்டைக் கழற்றினால் பாதி ரிம் முகத்துக்கு வரும். 3.50-10 முன் டயருக்கு 18 பி.எஸ்.ஐ. ஒட்டிய காற்று போதும். பெட்ரோல் பங்க்கில் பழக்கத்தில் 30 அடித்துவிடுகிறார்கள். அந்த இறுக்கத்தில் எந்த ஷாக்கும் (ஷாக் அப்சார்பரும்) வேலை செய்யாது.

இனி மூக்கு இறங்குவது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாற்றம் என்று செய்யப்படும் பலவும் இதைப் புரிந்துகொள்ளாமல் செய்யப்படுபவை.

பிரேக் பிடித்தால் எந்த வண்டிக்கும் எடை முன்னால் வரும், ஸ்பிரிங் அமுங்கும். அது பொது. வெஸ்பா குடும்பத்தில் அதன்மேல் இன்னொன்றும் சேர்கிறது. லிங்க் ஆடும் பின் முன்னால் இருக்கிறது, ஆக்சில் அதற்குப் பின்னால் இருக்கிறது. பிரேக் ஷூக்கள் உட்காரும் பிளேட் சேத்தக்கில் லிங்க்கோடு சேர்ந்தது. ஷூ டிரம்மைப் பிடிக்கும்போது, சுற்றுகிற டிரம் அந்தப் பிளேட்டையும் தன்னோடு சுற்றப் பார்க்கும். பிளேட் லிங்க்கோடு சேர்ந்திருப்பதால் லிங்க்கும் அதே திசையில் திரும்பும். அந்தத் திசையில் திரும்பினால் ஆக்சில் மேலே ஏறும், அதாவது ஸ்பிரிங் இன்னும் அமுங்கும். ஆக, பிரேக்கே தன் கையால் முன்பக்கத்தைக் கீழே இழுக்கிறது. உங்கள் வண்டியில் ஏதோ பழுது என்று நினைக்க வேண்டாம். புதிதாகக் கடையிலிருந்து வந்த நாளிலும் அது இறங்கியிருக்கும், இவ்வளவு வேகமாக இறங்கியிருக்காது. அந்த வேகத்தைத் தடுக்க வேண்டியது ஷாக். அது செத்திருக்கும்.

பியாஜியோவே இதை உணர்ந்துதான், 1977-ல் வந்த பி வரிசையில் பிரேக் பிளேட்டை லிங்க்கிலிருந்து பிரித்து ஷாக்கின் அடிப்பகுதியோடு பிணைத்தது. பிரேக்கின் முறுக்கு லிங்க்குக்குப் போகாமல் வேறு வழியாக ஃபோர்க்குக்குப் போனால் இறக்கம் குறையும் என்பதுதான் தத்துவம். இதே தத்துவத்தில், மிதக்கும் பிளேட்டும் ஒரு தாங்கு கம்பியுமாகச் செய்கிற மாற்றங்களும் உண்டு. நேர்த்தியாகச் செய்தால் நன்றாக வேலை செய்யும். ஆனால் அந்தக் கம்பி அறுந்தால் பிளேட் சுற்றி, கேபிளை இழுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளும். கம்பி, அதன் போல்ட், அதைப் பிடிக்கும் காது மூன்றும் அந்தச் சுமைக்குக் கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டவையா என்று தெரியாமல் போடாதீர்கள். பட்டறையில் கண்ணளவில் வெட்டிய தகட்டை நம்பி முன் பிரேக்கை ஒப்படைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

நான் பரிந்துரைப்பது இவ்வளவுதான்: நல்ல ஷாக், சரியான ஸ்பிரிங். சேத்தக்கில் முன் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. பழைய ஷாக்கைக் கையில் பிடித்து அழுத்தி இழுத்துப் பாருங்கள். ஒரு பகுதி தூரம் எந்தத் தடையும் இல்லாமல் போய், அப்புறம் பிடித்தால் உள்ளே எண்ணெய் குறைந்து காற்று புகுந்திருக்கிறது. புது ஷாக்கானாலும் மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்துச் சில தடவை முழுதாக அழுத்தி இழுத்துவிடுங்கள். கடை அலமாரியில் படுத்துக் கிடந்ததில் காற்று இடம் மாறியிருக்கும்.

ஸ்பிரிங்கில்தான் பெரும்பாலானோர் அவசரப்படுகிறார்கள். மூக்கு இறங்குகிறதா, கெட்டியான ஸ்பிரிங் போடு, இல்லை வாஷர் வைத்து இறுக்கு என்பார்கள். இறக்கம் குறையும்தான். அதோடு சின்னப் பள்ளங்களில் சக்கரம் தரையை விட்டுத் துள்ள ஆரம்பிக்கும். பத்து அங்குலச் சக்கரம் பள்ளத்துக்குள் முழுதாக விழக்கூடியது. துள்ளுகிற சக்கரத்தில் பிரேக்கும் பிடிக்காது, திருப்பமும் நிற்காது. ஸ்பிரிங்கின் வேலை எடையைத் தாங்குவது, அசைவின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஷாக்கின் வேலை. முதலில் கம்பெனி அளவிலேயே புது ஸ்பிரிங் போட்டு, அமுங்கும்போதும் தடை தருகிற நல்ல ஷாக்கைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். திருகி மாற்றக்கூடிய ஷாக் வாங்கினால் மிக இளக்கமான நிலையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சொடுக்காக ஏற்றுங்கள்.

டிஸ்க் ஃபோர்க்குக்கு வருகிறேன். பி.எக்ஸில் டிஸ்க் பிரேக் 1998-ல் வந்தது. அந்த ஃபோர்க்கும் அதேபோல் எல்.எம்.எல். ஸ்கூட்டரின் ஃபோர்க்கும் பழைய வெஸ்பாக்களில் போடப்படுவது உலகம் முழுக்க நடக்கிற வேலைதான். நம் ஊரில், சென்னையின் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடினால் பாகங்கள் கிடைக்கும். ஆனால் போல்ட் கழற்றி போல்ட் மாட்டுகிற வேலை இல்லை இது.

ஃபோர்க்கின் நடுக்குழாய், அதாவது காலம் (column), இரண்டு வண்டியிலும் ஒரே அளவு இல்லை. மேலே திருகுமரை எங்கே தொடங்குகிறது, ஹேண்டில் கிளாம்ப் போல்ட் உட்காரும் வெட்டு எங்கே இருக்கிறது, ஸ்டியரிங் பூட்டுக்கான துளை எங்கே இருக்கிறது, அடிக்கோன் எந்த விட்டத்தில் உட்காருகிறது: எல்லாவற்றையும் வெர்னியரில் அளந்து, இரண்டு ஃபோர்க்கையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். கிளாம்ப் போல்ட்டின் வெட்டு மிக முக்கியம். ஹேண்டில் காலத்தின் மேல் வெறும் இறுக்கத்தில் மட்டும் நிற்பதில்லை, அந்தப் போல்ட் வெட்டுக்குள் குறுக்கே போய்ப் பூட்டுகிறது. காலம் உயரமாக இருந்து போல்ட் வெட்டுக்குள் விழாவிட்டால், ஒருநாள் ஹேண்டில் மட்டும் திரும்பி சக்கரம் நேராகவே போகும். மட்கார்டு பிடிக்கும் இடமும் வேறு. அடியில் ஃபோர்க் இடித்து நிற்கும் நிறுத்தம் சரியாக வராவிட்டால் மட்கார்டு போய் முன் தகட்டில் இடிக்கும்.

காலத்தைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் அதை மேல்முனையில் மட்டும் செய்ய வேண்டும்: மரையைக் கீழே நீட்டி வெட்டி, மேலே மிஞ்சுவதை அறுத்து, வெட்டையும் பூட்டுத் துளையையும் புதிதாக மில்லிங் செய்ய வேண்டும். நல்ல லேத் மேஸ்திரிக்கு அது செய்யக்கூடிய வேலை. நடுவில் அறுத்து, உள்ளே ஒரு குழாயைச் சொருகி, வெல்டு வைத்து, கிரைண்டர் ஓட்டிப் பெயிண்ட் அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று சொல்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். வண்டி நூறு கிலோவுக்கு மேல், ஓட்டுபவர் எழுபது. கெட்டியாக முன் பிரேக் பிடித்தால் டயர் தரையைத் தொடும் இடத்தில் சுமார் 100 கிலோ விசை பின்னோக்கி இழுக்கும். தரையிலிருந்து அடிக்கோன் வரை உள்ள தூரம் அந்த விசைக்கு நெம்புகோல். முழு வளைவும் அடிக்கோன் உட்காரும் இடத்தில்தான் விழுகிறது. டிஸ்க் போட்டால் இந்த விசை கூடும், குறையாது. அந்த இடத்துக்கு அருகே வெல்டு வைப்பதும், சூடு காட்டி நிமிர்த்துவதும் நான் எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ளாத வேலைகள்.

உங்கள் பழைய ஃபோர்க்கையும் இதே கண்ணோடு பாருங்கள். பெயிண்டை முழுதாக எடுத்தபின், அடிக்கோனுக்குக் கீழே குழாய் வளைகிற இடத்தில் விரிசல் காட்டும் சிவப்பு மை அடித்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கோயம்புத்தூர் போல வார்ப்பாலைகளும் லேத்தும் நிறைந்த ஊர்களில் இது சாதாரணச் சோதனை, செலவு குறைவு. முன்னால் மோதிய வண்டியில் ஃபோர்க் பின்னால் தள்ளி வளைந்திருக்கும், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளி முன்னும் பின்னும் ஒன்றாக இருக்காது. கண்ணுக்கே தெரிகிற வளைவு என்றால் வேறு ஃபோர்க் தேடுங்கள்.

உயரம் குறைத்தால் அழகு என்று சிலர் குட்டை ஷாக் போட்டு முன்பக்கத்தை இறக்குகிறார்கள். இதன் விளைவு கொஞ்சம் நுணுக்கமானது. ஸ்டியரிங் அச்சை நேராகக் கீழே நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் டயர் தரையைத் தொட வேண்டும். அந்தப் பின்தங்கல்தான் ஹேண்டிலைத் தானாக நேராக்குகிறது. பி.எக்ஸின் சக்கர இடைவெளி 1,260 மி.மீ. அந்த அளவில் முன்பக்கம் 25 மி.மீ. இறங்கினால் ஸ்டியரிங் கோணம் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் செங்குத்தாகும். சக்கரத்தின் ஆரத்தை வைத்துப் பார்த்தால் பின்தங்கல் சுமார் 5 மி.மீ. குறையும். லிங்க் ஏறும்போது ஆக்சில் நகர்வது வேறு கணக்கு. கேட்க ஐந்து மில்லிமீட்டர்தான். ஏற்கெனவே ஹேண்டில் ஆடுகிறது என்று புகார் உள்ள வண்டியில் அதை வேண்டுமென்றே குறைப்பது எனக்குப் புரியவே இல்லை.

குரோம் பற்றியும் சொல்லியாக வேண்டும். புதுப்பிக்கிறோம் என்றால் ஸ்பிரிங், லிங்க், நட்டு போல்ட் எல்லாம் பளபளக்க வேண்டும் என்று ஆசை வரும். மின்முலாம் தொட்டியில் இரும்பின் மேல் ஹைட்ரஜன் உண்டாகிறது. ஸ்பிரிங் போன்ற கடினமான எஃகு அதை உள்ளே இழுத்துக்கொண்டால் உடையும் தன்மைக்கு வந்துவிடும். வெளியே கண்ணாடி மாதிரி மின்னும், உள்ளே விரிசல் வளரும். முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்து அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். மோட்டார்சைக்கிள் சைலன்சருக்குக் குரோம் போடும் கடைகளில் இதற்கான அடுப்பு பெரும்பாலும் இருக்காது. ஆகவே ஸ்பிரிங், லிங்க், பின், ஆக்சில் எதையும் குரோமுக்கு அனுப்பாதீர்கள். கறுப்பு பெயிண்ட் போதும், கம்பெனியிலும் பளபளப்பாக வரவில்லை. பவுடர் கோட்டிங் செய்தால் கோன் உட்காரும் இடம், மரை, பின் துளை மூன்றையும் மூடிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். அந்தப் பூச்சின் மேல் கோன் உட்கார்ந்தால் ஓடஓடப் பூச்சு நசுங்கி ஆட்டம் வரும்.

டிஸ்க் வேண்டும் என்ற ஆசையின் பின்னால் பெரும்பாலும் இருப்பது வேலை செய்யாத டிரம். டிரம்மை லேத்தில் வைத்து நீள்வட்டம் போகச் சீவி, புது ஷூ போட்டு, லைனர் முழுப் பரப்பும் டிரம்மில் படுகிறதா என்று சாக்குக்கட்டி தேய்த்துப் பாருங்கள். படாத இடம் இருந்தால் படுகிற இடத்தைத் தேய்த்துச் சமன் செய்யுங்கள். முன் ஹப்பின் ஆயில் சீலை மாற்றுங்கள், கிரீஸ் கசிந்த ஷூ எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. பிரேக் கேபிளின் உள்கம்பி மட்டுமல்ல, வெளியுறையும் புதிது போடுங்கள். பழைய உறை அமுங்கி, நீங்கள் கொடுக்கும் இழுப்பைப் பாதி தின்றுவிடும். இதையெல்லாம் செய்த சேத்தக் நகர வேகத்தில் நம்பிக்கையாக நிற்கும். மலைப்பாதையில் இரண்டு பேரோடு அடிக்கடி இறங்குபவர் என்றால் டிரம் சூடேறிப் பிடிமானம் குறையும், அவருக்கு டிஸ்க் நியாயமான தேவை. அப்போது முழுச் செட்டாக, ஃபோர்க், ஹப், காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி), மாஸ்டர் சிலிண்டர் (லீவரை இழுத்தால் பிரேக் எண்ணெயை அழுத்தும் பகுதி) எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வந்ததாகப் பாருங்கள். சேத்தக்கின் வார்ப்பு ஹேண்டிலில் மாஸ்டர் சிலிண்டருக்கு இடம் கிடையாது. அதற்காகக் கேபிள் இழுத்து இயக்கும் சிலிண்டர் வைக்கிறார்கள், அல்லது ஹேண்டிலையும் மாற்றுகிறார்கள்.

சட்டப் பக்கமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பார். பிரேக், ஃபோர்க் மாற்றம் செய்வதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

திரும்பக் கோக்கும்போது கோன் செட்டின் இறுக்கம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். மேல்கோனை முதலில் நன்றாக இறுக்கி, ஹேண்டிலைப் பலமுறை இருபக்கமும் திருப்பி பால்கள் உட்காரவிட்டு, அப்புறம் ஆட்டம் வராத, தடையும் இல்லாத அளவுக்குத் தளர்த்துங்கள். சக்கரத்தைத் தூக்கி நடுவில் விட்டால் தன் எடையிலேயே ஒரு பக்கம் மெதுவாகச் சாய வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது கோனும் சேர்ந்து சுற்றிவிடும், ஆகவே இறுக்கியபின் மறுபடியும் சோதியுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் புதுக் கோன்கள் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து தளர்ந்திருக்கும். அப்போது ஒருமுறை ஹேண்டிலைக் கழற்றி மறுபடி இறுக்குங்கள், அதே சமயம் ஆக்சில் நட்டின் காட்டர் பின்னையும் பார்த்துவிடுங்கள்.